வலியறிந்து தூக்குதல்

தமிழில் 'வலி' என்னும் சொல் இருபொருள் உடையது. வலிமையைக் குறிப்பதும் அதுவே; நோவைக் குறிப்பதும் அதுவே. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய 'வலியறிதல்' முதற்பொருளைப் பற்றியது. மருத்துவரிடம் சென்று 'முதுகு வலி' என்று முறையிடுவோர் ஆளுவது இரண்டாம் பொருளை. ஒரு சொல்லுக்குள் இவ்விரண்டும் அடுத்தடுத்து வாழ்வது போலவே, மனித உடலிலும் இவை அண்டை வீட்டாராகவே வாழ்கின்றன. அளவறிந்து சுமை தூக்குபவனுக்கு வலி, வலிமையாகிறது. அளவறியாது தூக்குபவனுக்கு வலி, வலியாகவே நின்றுவிடுகிறது.

இவ்வுண்மையை இன்று நினைவூட்டுவது ஓர் எளிய கருவி. உருண்டையான இரும்புக் குண்டு. அதன் தலையில் வளைந்த ஒரு கைப்பிடி. 'கெட்டில்பெல்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இக்கருவி, கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற நகரங்களிலும் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, உடற்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலேயே பயிற்சி செய்யும் எண்ணம் பலருக்கும் எழுந்தது. அவ்வாறு ஆவலுடன் வாங்கிய குண்டுகளுள் சில இன்றும் பயன்படுகின்றன. சில, கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கல்லாக மூலையில் கிடக்கின்றன. கற்றுக்கொள்ளாமல் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டவர்களும் உண்டு. குறை கருவியினிடத்தில் இல்லை; தொடங்கும் முறையில் இருக்கிறது. அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

'கெட்டில்' என்பது நீர் கொதிக்கவைக்கும் கலம். 'பெல்' என்பது மணி. வளைந்த கைப்பிடியும் உருண்ட வயிறும் கலத்தை ஒத்திருப்பதால் முதற்பகுதி பொருந்துகிறது. மணி எங்கிருந்து வந்தது? 'டம்பெல்' என்னும் மற்றொரு கருவியின் பெயரை நோக்கினால் இது விளங்கும். இங்கிலாந்தில் முற்காலத்தில் தேவாலய மணியின் கயிற்றை இழுப்பது போன்ற ஒரு பயிற்சிப் பொறி இருந்தது. அதில் கயிறு உண்டு, எடை உண்டு, ஓசை மட்டும் இல்லை. ஆகவே அது 'ஊமை மணி' எனப்பட்டது. பின்னர் அப்பெயர் கையில் பிடிக்கும் எடைக்கு ஆகிவந்தது. 'பெல்' என்னும் ஈறு அங்கிருந்து இரும்புக் குண்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு நிலைபெற்ற பெயர் இன்னும் இல்லை. கடைகளிலும் பயிற்சி நிலையங்களிலும் 'கெட்டில்பெல்' என்றே வழங்குகிறது. நீர்க்கலத்தைக் குறிக்கும் 'கெண்டி' என்னும் சொல் தமிழிலும் மலாயிலும் இருப்பதால் 'கெண்டிக்குண்டு' எனலாம். ஆயினும் கருவியின் சிறப்பு அதன் பிடியில் இருப்பதால் 'பிடிகுண்டு' என்பது இன்னும் பொருந்தும். இக்கட்டுரையில் அப்பெயரே ஆளப்படுகிறது.

பழைய உறவினர்

பிடிகுண்டு தமிழர்க்கு முற்றிலும் அயலானது அன்று. அதன் உறவினர் பலர் தமிழ் மண்ணில் வாழ்ந்துள்ளனர். ஆமூர் மல்லனைப் பொருது வென்ற போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் புறநானூறு காட்டுகிறது. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' எனப் பெயர் பூண்டான். அவன் பெயரைத் தாங்கியதே மாமல்லபுரம். மற்போர் இருந்த இடத்தில் அதற்குரிய பயிற்சியும் இருந்திருத்தல் வேண்டும். தென்பாண்டிச் சிற்றூர்களின் நடுவே கிடக்கும் இளவட்டக்கல், பிடியற்ற உருண்டைக் கல். அதைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிவது இளைஞனின் ஆற்றலுக்கு அளவுகோலாக இருந்தது. கர்லாக்கட்டையோ தலை பருத்துப் பிடி சிறுத்த மரக்கட்டை. தோளைச் சுற்றி அதைச் சுழற்றும் வரிசைகளைச் சிலம்ப ஆசான்களும் மற்பயிற்சியாளர்களும் கற்பித்து வந்துள்ளனர். அக்கட்டையை இந்தியாவில் கண்ட ஆங்கிலப் படையினர் 19ஆம் நூற்றாண்டில் தம் பயிற்சியிலும் அதைச் சேர்த்துக்கொண்டனர். கட்டை சுழற்றுதல் 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் போட்டியாகவே நடைபெற்றது.

வடஇந்திய மற்பயிற்சிக் கூடங்களில் 'நால்' என்னும் கல்வளையம் உண்டு. அதன் உட்புறத்தில் பிடி அமைந்திருக்கும். சீனரிடத்தில் பூட்டின் வடிவில் செதுக்கிய பிடியுள்ள கல் இருந்தது. கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் கண்டெடுக்கப்பட்ட ஒரு மணற்கல் 143.5 கிலோ எடையுள்ளது. பைபோன் என்பவன் அதை ஒரு கையால் தலைக்கு மேல் எறிந்தான் என்று அக்கல்லின் மீதே பொறிக்கப்பட்டிருக்கிறது, காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு.

இன்றைய பிடிகுண்டு பிறந்த இடம் உருசியா. அங்கே அதன் பெயர் 'கிரியா'. சந்தையில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக அது பயன்பட்டது. அந்நாட்டின் பழைய நிறையளவு 'பூட்'. ஒரு பூட் ஏறத்தாழ 16.38 கிலோ. இன்றும் 16, 24, 32 கிலோக் குண்டுகள் தலைமையாக வழங்குவதன் காரணம் இதுவே. அவை முறையே ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட். எடைக்கல்லை எடுத்து ஆட்டிப் பார்த்த உழவரின் விளையாட்டு, நாளடைவில் பயிற்சியாயிற்று. விளாதிசுலாவ் கிராயெவ்சுக்கி என்னும் மருத்துவர் 1885இல் செயின்ட் பீட்டர்சுபர்க் நகரில் உடற்பயிற்சி ஆர்வலர் குழு ஒன்றை நிறுவி, அதற்கு முறைமை வகுத்தார். 20ஆம் நூற்றாண்டில் அது பத்து நிமிட நேரப் போட்டியாக வளர்ந்தது. 2001ஆம் ஆண்டையொட்டி, பாவெல் சாத்சுலின் என்னும் பயிற்சியாளர் அமெரிக்காவில் இதைப் பரப்பிய பின்னரே, உலகின் பிற பகுதிகளுக்கும் இது விரைந்து சென்றது.

சுமந்த மண்

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறே சுமையின் வரலாறு எனலாம். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் செங்கற்சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் மரமும் அத்தாப்பும் நீங்கிச் செங்கல் வீடுகள் எழுந்தபோது, அவற்றுக்கான கல் சுட்ட இடம் அது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இருப்புப்பாதை ஓடியது. 1901இல் சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. தண்டவாளத்தையும் கட்டையையும் தூக்கியவர்களிலும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களிலும் தமிழர் பலர். சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலோ, இருள் பிரியுமுன் எழுந்து பால் மரம் வெட்டி, தோளின் குறுக்கே கம்பும் அதன் இருமுனைகளிலும் பால் வாளிகளுமாக நடந்தவர்கள் அவர்களே.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் நாள் வேறு. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் காரில் அமர்ந்து கோலாலம்பூர் வருபவர், அலுவலகத்தில் அமர்கிறார். மாலையில் மீண்டும் காரில் அமர்கிறார். இரவில் தொலைக்காட்சியின் முன் அமர்கிறார். ஆசிரியரின் நிலையும் இதனினும் பெரிதும் மாறுபட்டதன்று. வகுப்பில் நிற்பார், பின்னர்க் கட்டுக்கட்டாகப் பயிற்சி ஏடுகளைத் திருத்தக் கழுத்தைக் கவிழ்த்து அமர்ந்திருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை தைப்பூசத்தன்று பால்குடம் ஏந்திப் பத்துமலையின் 272 படிகளை ஏறும்போதுதான், கால்கள் தாம் இருப்பதையே அறிவிக்கின்றன.

இதன் விளைவை மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகள் எண்களாகக் காட்டுகின்றன. 2019ஆம் ஆண்டு ஆய்வில், வயதுவந்தோருள் நீரிழிவு உடையோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 18.3, இந்தியரிடையே மட்டும் 31.4. அஃதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் பொது அளவு 15.6 ஆகக் குறைந்தது. எனினும் வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் மிகை எடை உடையோராகவே இருந்தனர்.

தசைக்கும் நீரிழிவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உணவின்பின் குருதியில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வது தசையே. வேலை செய்யும் தசை இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை உள்வாங்க வல்லது. ஆகவே தசை குறைந்தவனுடைய உடலில் சர்க்கரை சென்று தங்கும் களஞ்சியமே சுருங்கிவிடுகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறியுரையில், வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவு வேண்டும் என்பதோடு நில்லாமல், வாரத்தில் 2 நாளேனும் தசையை வலுவாக்கும் பயிற்சி வேண்டும் என்றும் கூறியிருப்பது இதனாலேயே. நடைப்பயிற்சி செய்வோர் பலர் முதற்பகுதியை நிறைவேற்றி, இரண்டாம் பகுதியை மறந்துவிடுகின்றனர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பால் வாளி சுமந்த பாட்டனார் எந்தப் பயிற்சியும் செய்யாமலே திடமாக இருந்தாரே என்பர் சிலர். திடமாக இருந்தவர்களையே நினைவு வைத்திருக்கிறது குடும்பம். இடுப்பொடிந்து இளமையிலேயே முடங்கியவர்களைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. தொழிலுக்காகச் சுமப்பதும் நலத்துக்காகச் சுமப்பதும் உடலுக்கு ஒன்றல்ல. ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சி தரும் நன்மையைக் கடும் உடலுழைப்பு அவ்வாறே தருவதில்லை என்பதை அண்மைக்கால ஆய்வாளர் ஒரு முரணாகவே சுட்டுகின்றனர். காரணம் தெளிவு. தோட்டத்தில் எடையைக் குறித்தவர் சுமந்தவர் அல்லர். களைத்தபோது இறக்கிவைக்கும் உரிமையும் அவருக்கில்லை. மறுநாளும் அதே தோள், அதே சுமை. பயிற்சியிலோ எடையை அளப்பவரும் தூக்குபவரும் நிறுத்துபவரும் ஒருவரே. பாட்டனாருக்குக் கிடைக்காத இந்த உரிமையே பேரனுக்குப் பயிற்சியின் உயிர்நாடி. அதை மறந்து, முதல் நாளிலேயே மலையைப் புரட்ட நினைப்பவர், விடுபட்ட பழைய கொடுமையைத் தாமே தம்மேல் ஏற்றிக்கொள்கிறார்.

குண்டின் இயல்பு

டம்பெல்லின் எடை பிடிக்கும் கைக்கு இருபுறமும் சமமாக நிற்கும். பிடிகுண்டின் எடையோ கைக்கு வெளியே, பிடியிலிருந்து சில அங்குலம் தள்ளித் தொங்குகிறது. எனவே அது ஊசல்போல் ஆட வல்லது. ஆடும்போது உடலைத் தன்பால் இழுக்கவும் வல்லது. அவ்விழுப்பை எதிர்த்து நிற்பதில் தொடை, புட்டம், முதுகு, வயிறு, முன்கை ஆகிய அனைத்தும் ஒருங்கே உழைக்கின்றன. சிறிய இடத்தில், ஒரே கருவியால், உடல் முழுவதும் உழைப்பது இதன் சிறப்பு. தவறாக ஆட்டினால் அதே இழுப்பு நேரே நடுமுதுகைச் சென்று தாக்குவது இதன் ஆபத்து.

முறையாகச் செய்தால் கிடைக்கும் பயனுக்கு ஒரு சான்று உண்டு. 2011இல் டென்மார்க்கில் 40 பேரைக்கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. கழுத்துவலியும் முதுகுவலியும் மிகுந்த பணிகளில் இருந்தோர் அவர்கள், பெரும்பாலோர் பெண்கள், சராசரி வயது 44. ஒரு பகுதியினர் வாரம் 3 நாள், நாளுக்கு 20 நிமிடம், 8 வாரம் பிடிகுண்டுப் பயிற்சி செய்தனர். கழுத்து, தோள், கீழ்முதுகு ஆகியவற்றின் வலி அவர்களுக்குக் குறைந்தது. முதுகுத் தசையின் வலிமை கூடியது. ஆயினும் மூச்சுத்திறன் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. ஆகவே பிடிகுண்டு நடைப்பயிற்சிக்கு மாற்றன்று, துணையே என்று கொள்ளுதல் தகும்.

எடையும் இடமும்

முதற்கேள்வி எடையைப் பற்றியது. பயிற்சி இல்லாத பெண்கள் 6 அல்லது 8 கிலோவிலும், ஆண்கள் 10 அல்லது 12 கிலோவிலும் தொடங்கலாம். 60 வயதைக் கடந்தோர்க்கு 4 கிலோவும் தாழ்வன்று. உருசியரின் 16 கிலோவை முதல் நாளிலேயே வாங்குவது வீண் பெருமை. மயிலிறகு மெல்லியதே ஆயினும், அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் வள்ளுவர் கருத்தை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், கடையில் நிற்கும்போதும் அதை நினைத்தல் நன்று.

வாங்கும்போது பிடியைத் தடவிப் பார்த்தல் வேண்டும். வார்ப்பின் பிசிறு உள்ளங்கையைக் கிழிக்கும். இரு கைகளும் நெருக்கமின்றிப் பிடியில் அடங்குகின்றனவா என்றும் காண வேண்டும். குண்டு வாங்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஐந்து கிலோ அரிசிப் பையை உறுதியான துணிப்பையில் இட்டு, மார்போடு அணைத்து உட்கார்ந்தெழலாம்; கையில் தொங்கவிட்டு நடக்கலாம். ஆயின் இத்தகைய மாற்றுப் பொருள்களை ஒருபோதும் வீசி ஆட்டலாகாது. பிடி அறுந்தால் எங்கே விழும் என்பது எவர்க்கும் தெரியாது.

இடத்தைப் பொறுத்தவரை, கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றும் அளவு போதும். அடுக்குமாடி வீட்டினர் தடித்த ரப்பர் விரிப்பு இடுதல் வேண்டும்; கீழ்வீட்டார்க்கு ஓசை கேளாதபடி குண்டை இறக்கப் பழகுவதும் நல்ல பயிற்சியே. தலைக்கு மேல் மின்விசிறி இல்லாத இடமாகப் பார்த்தல் இன்றியமையாதது. குழந்தைகள் அருகில் வாராமல் காத்தல் வேண்டும். வெறுங்காலோ தட்டையான அடியுள்ள காலணியோ ஏற்றது. மெத்தென்ற அடியுள்ள ஓட்டக் காலணி கால்தளத்தைத் தள்ளாட வைக்கும். இந்நாட்டின் புழுக்கத்தில் வியர்வை பெருகிப் பிடி வழுக்கும். ஆதலால் துண்டும் நீரும் அருகில் இருக்க, வெயில் ஏறுமுன் காலையிலோ வெயில் தணிந்த மாலையிலோ செய்தல் நலம்.

குனிதலும் மடிதலும்

பிடிகுண்டுப் பயிற்சியின் அரிச்சுவடி ஒன்றே. அது குனிதலுக்கும் மடிதலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல். குனிபவனுக்கு முதுகு வளைகிறது. மடிபவனுக்கு முதுகு நேராகவே இருக்க, தொடையும் உடலும் சேரும் தொடைச்சந்து மடிகிறது; புட்டம் பின்னே செல்கிறது. தரையில் உள்ள சமையல் எரிவாயுச் சிலிண்டரைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வோர் பெரும்பாலும் குனிந்து தூக்கியவரே.

மடிதலைக் கற்க எடை வேண்டா. சுவருக்கு முதுகு காட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். முழங்காலைச் சிறிதே தளர்த்தி, புட்டத்தைப் பின்னே செலுத்திச் சுவரைத் தொட வேண்டும். தொட்டதும் நிமிர வேண்டும். எளிதாக வந்தபின் அரை அடி முன்னே நகர்ந்து மீண்டும் செய்ய வேண்டும். முதுகு நேராக உள்ளதா என்று சோதிக்க ஒரு துடைப்பக் கட்டையோ சிலம்பக் கழியோ போதும். அதை முதுகின்மேல் நெடுக்காகப் பிடித்தால், பின்தலை, தோள்பட்டைகளின் நடு, முதுகெலும்பின் அடிநுனி ஆகிய மூன்றிடங்களிலும் அது பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடம் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்பது பொருள். இவ்வொன்றையே ஒரு வாரம் பழகினாலும் அது வீணான வாரம் ஆகாது.

நான்கு பயிற்சிகள்

முதலாவது தரையிலிருந்து தூக்குதல். குண்டு இரு குதிகால்களுக்கும் நடுவே இருக்க, மேற்கூறியவாறு மடிந்து, இரு கைகளாலும் பிடித்து, பாதத்தால் தரையை அழுத்தி நிமிர வேண்டும். மேலே நிற்கும்போது பின்னே சாய்தல் கூடாது. இறக்குவதும் அதே வழியில், அதே பொறுமையுடன்.

இரண்டாவது குண்டேந்திய பசுகி. பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலுடன் சேர்த்துச் செய்த பசுகி யாவரும் அறிந்ததே. இங்குக் குண்டை மார்பருகே இரு கைகளாலும் அணைத்துப் பிடித்து, முழங்கால்கள் பாதத்தின் திசையிலேயே செல்ல, இயன்ற அளவு தாழ்ந்து எழ வேண்டும். முழங்கால் நோவு உள்ளவர் பின்னே ஒரு நாற்காலி வைத்து, அதில் மெல்ல அமர்ந்து எழுந்தாலே போதும்.

மூன்றாவது இழுத்தல். ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மடிந்த நிலையில் நின்று, மறுகையில் தொங்கும் குண்டை விலாவின் பக்கமாக இழுக்க வேண்டும். ஏடு திருத்திக் கூனிய தோளுக்கு இது மருந்து போன்றது.

நான்காவது சுமந்து நடத்தல். குண்டை ஒரு கையில் தொங்கவிட்டு, உடல் எப்பக்கமும் சாயாமல் நடக்க வேண்டும். பின்னர்க் கை மாற்ற வேண்டும். கடைக்குச் சென்று பை தூக்கி வருவது போன்ற எளிய செயலே இது. ஆயினும் விலாப்புறத் தசைகளுக்கு இதனால் நல்ல பயன் உண்டு. தோட்டத்து நடையில் இருபுறமும் வாளி இருந்ததால் எடை ஒன்றையொன்று ஈடுசெய்தது. இங்கு அவ்வீட்டை உடலே செய்துகொள்ள வேண்டும்.

முதல் நான்கு வாரங்களுக்கு இந்நான்கும் போதும். வாரம் மூன்று நாள். நடுவில் ஒரு நாளேனும் ஓய்வு. முதல் மூன்றையும் தனித்தனியே 8 முறை செய்து, பின்னர் அறையின் குறுக்கே சில நடை நடந்தால் ஒரு சுற்று. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று சுற்று. மொத்தம் 20 நிமிடம். தூக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும், அடக்கலாகாது. ஒவ்வொரு சுற்றும் முடிந்தபின் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடியும் வரை ஓய்வு கொள்ள வேண்டும். கைக்கடிகாரத்தினும் நம்பத்தக்கது இந்த அளவுகோல்.

வீசுதல்

பிடிகுண்டுக்கே உரிய பயிற்சி வீசுதல். ஐந்தாம் வாரத்தில், மடிதல் கைவந்தபின், இதைத் தொடங்கலாம். குண்டை ஓர் அடி முன்னே வைத்து, மடிந்து, இரு கைகளாலும் பிடித்து, தொடைகளின் நடுவே பின்னோக்கிச் செலுத்த வேண்டும். அது பின்சென்ற உடனே புட்டத்தை இறுக்கி விரைந்து நிமிர வேண்டும். அந்நிமிர்ச்சியின் விசையால் குண்டு தானே மார்பளவு எழும். கைகள் வெறும் கயிறு, அவை தூக்குவதில்லை. தோள் களைத்தால், கையால் தூக்குகிறோம் என்பது பொருள். கீழ்முதுகு களைத்தால், குனிகிறோம் என்பது பொருள். தொடையின் பின்புறமும் புட்டமும் களைத்தால், முறை சரி என்பது பொருள். உடலே ஆசிரியனாக நின்று திருத்தும் பாடம் இது. குண்டு இறங்கும்போது அவசரப்படாமல், முன்கை தொடையை அணுகும் வரை நிமிர்ந்து நின்று, அதன்பின்னரே மடிய வேண்டும்.

பத்து வீச்சு, பின்னர் ஓய்வு. இவ்வாறு ஐந்து முறை. ஒன்பதாம் வீச்சில் முறை கெட்டால் எட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். எண்ணிக்கையை நிறைவு செய்யும் பிடிவாதம் இப்பயிற்சியில் குற்றமாகும். இயன்றால் முதல் சில நாள் தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் பார்த்துத் திருத்துவது நன்று. இயலாவிடின், பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் பிடித்து, முதுகின் கோடு நேராக உள்ளதா என்று தாமே காணலாம்.

குண்டுகள் பெரும்பாலும் 4 கிலோ இடைவெளியில் விற்கப்படுகின்றன. 8இலிருந்து 12க்குச் செல்வது 4 கிலோ மட்டும் என்று தோன்றும். உண்மையில் அது பாதி எடையைக் கூடுதலாக ஏற்றுவது. ஆகவே முதலில் முறைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, பின்னர்ச் சுற்றுகளைக் கூட்டி, அதுவும் எளிதான பின்னரே எடையைக் கூட்டுதல் வேண்டும்.

இருவகை வலி

பயிற்சி செய்த மறுநாள் தொடையிலும் புட்டத்திலும் தோன்றும் மந்தமான, பரவலான நோவு இயல்பானது. இரண்டு மூன்று நாளில் தணியும். மூட்டில் குத்துவது போன்ற நோவு, காலில் இறங்கும் மின்னல் போன்ற நோவு, கை கால் மரத்தல் ஆகியவை வேறு வகை. இவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். மார்பில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவை ஒரு நொடியும் பொறுக்கத் தக்கவை அல்ல.

இதய நோய், கட்டுக்குள் வாராத குருதி அழுத்தம், குடலிறக்கம், முதுகில் அறுவை, நீரிழிவால் கண்ணில் பாதிப்பு ஆகியவை உடையோரும், கருவுற்ற தாய்மாரும் மருத்துவரின் இசைவு பெற்றபின்னரே தொடங்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ கொள்வோர்க்குப் பயிற்சியின்போது சர்க்கரை அளவு கடந்து இறங்கக்கூடும். அவர்கள் வெறும் வயிற்றில் செய்யாமல், முன்னும் பின்னும் அளவைப் பார்த்து, இனிப்பு ஏதேனும் அருகில் வைத்திருத்தல் அறிவுடைமை.

ஒரு தலைமுறை வேறு வழியின்றிச் சுமந்தது. அடுத்த தலைமுறை சுமையை முற்றிலும் இறக்கிவைத்தது. இரண்டிலும் உடல் தேய்ந்தது: முன்னது மிகையால், பின்னது குறைவால். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது, தானே விரும்பி, தன் அளவறிந்து, தூக்கவும் இறக்கவும் கற்ற சுமை. மூலையில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கும் குண்டை நாளைக் காலை எடுக்க எண்ணுபவர், அதற்கு முன் சுவருக்கு முதுகு காட்டி நின்று பத்து முறை மடிந்து நிமிரட்டும். குண்டு ஒரு வாரம் காத்திருக்கும். இரும்புக்கு அவசரம் இல்லை.